சிக்கிய துப்பாக்கியும் தேவசகாயமும்

செய்தி வந்தபோது என் கை ஒருவருடைய கடைவாய்ப் பல்லில் இருந்தது. மேற்குத் தாம்பரத்தில் என் பல் மருத்துவமனைக்கு வந்தவர்களுக்குத் தெரியும், வேலைக்கு நடுவில் நான் போனை எடுப்பதில்லை. அன்று அது விட்டு விட்டு மூன்று முறை அடித்தது. எடுத்தேன். நம் துப்பாக்கி சுடும் கிளப்பின் செயலாளர் ராகவன். "டாக்டர், தேவசகாயம் காலைல தவறிட்டார்" என்றார். வெள்ளிக்கிழமையாயிற்றே, பல்லாவரம் சந்தைக்குப் போய் கருவாடும் கத்தரிக்காயும் வாங்கி வந்திருக்கிறார். பையைச் சமையலறையில் வைத்துவிட்டு ஃபேனைப் போடச் சொல்லி உட்கார்ந்தவர்தான். மகள் மெர்சி தண்ணீர் கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. வாயைத் திறந்தபடி என் நாற்காலியில் இருந்த நோயாளியிடம் ஐந்து நிமிடம் என்று சொல்லிவிட்டுப் பின்னறைக்குப் போய் அழுதேன். பிறகு வந்து அவருடைய பல்லை அடைத்தேன். அவர் என்ன பாவம் செய்தார்.

கிளப்பின் பழைய ஆட்கள் எல்லோரும் தேவசகாயத்தைப் பற்றி ஆளுக்கு ஒரு பக்கம் எழுத வேண்டும் என்று ராகவன் கேட்டிருக்கிறார். எனக்கு ஒரு பக்கம் போதாது. மற்றவர்கள் குறைத்துக்கொள்ளுங்கள்.

அவரை அறியாத புது உறுப்பினர்களுக்காகச் சொல்கிறேன். தேவசகாயம் பல்லாவரத்தில் ஒரு தோல் தொழிற்சாலையில் தையல் மெஷின்களைப் பழுது பார்ப்பவர். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் சைக்கிளில் பெருங்களத்தூர் கல்குவாரிக்குப் பக்கத்தில் குன்றடியில் இருந்த நம் சுடும் மைதானத்துக்கு வந்துவிடுவார். சொந்தத் துப்பாக்கி அவரிடம் கிடையாது. கிளப்புக்குப் பொதுவாக ஒரு பழைய கைத்துப்பாக்கி இருந்தது. ஆட்டினால் உண்டியல் மாதிரி சத்தம் போடும். தகரடப்பா என்றுதான் அதற்குப் பெயர். அதை வைத்துக்கொண்டு நம்மில் பாதிப் பேரை அவர் தோற்கடித்தார். நான் கேலி செய்தால் சிரிப்பார். "சத்தம் போட்டா நல்லதுதான் டாக்டர். உள்ள எடம் கீதுன்னு அர்த்தம்" என்பார்.

எண்பதுகளின் நடுவில் எனக்கு ஒரு துப்பாக்கி வந்தது. ஜெர்மனியில் இன்ஜினியராக இருந்த என் அண்ணன் சேகரின் பரிசு. என் வலது கையைச் சார்ட் பேப்பரில் வரைந்து அனுப்பச் சொன்னான். அங்கே ஒரு சின்னப் பட்டறையில், போட்டித் துப்பாக்கி மட்டுமே செய்யும் ஒரு கிழவர், அந்தக் கைக்கு ஏற்றாற்போல் எட்டு மாதம் உட்கார்ந்து செய்தாராம். அனுமதிக் காகிதங்கள் எல்லாம் முடிந்து அது என் கைக்கு வந்த நாளை மறக்க முடியாது. பிடிக்குள் கை போய் உட்கார்ந்தபோது, கையை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் போலிருந்தது. கிளப்பே சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. தேவசகாயம் மட்டும் அதை வாங்கிக் காதோரம் வைத்து ஆட்டினார். சத்தமே இல்லை. "அழகா கீது டாக்டர்" என்றார். சற்றுப் பொறுத்து, "கொஞ்சம் இறுக்கமா கீது" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நல்ல பொருளைக் கண்டால் சிலருக்கு வயிறு எரியும் என்று அன்றைக்கு வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். சொன்னேன்தான், இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது.

முதல் போட்டியிலேயே அது சிக்கியது. பெண்களுக்கான போட்டியில் முப்பது குண்டு நிதானமாகச் சுட வேண்டும், முப்பது வேகமாக. வேகமான பகுதியில் இலக்கு மூன்று நொடிதான் முகம் காட்டும். அதற்குள் கையை உயர்த்தி ஒரு குண்டு சுட்டுவிட வேண்டும். எனக்கு இரண்டு முகம் நன்றாகப் போயிற்று. மூன்றாவதற்குத் தோட்டா பாதி ஏறி நடுவழியில் நின்றுவிட்டது. அப்படி நின்றால் நாமே அதை நோண்டக் கூடாது. முனை இலக்கைப் பார்த்தபடியே இருக்க, மற்றக் கையைத் தூக்கிக்கொண்டு நடுவர் வரும்வரை நிற்க வேண்டும். நின்றேன். மறுபடி சுட ஒரு முறை விடுவார்கள், அதற்கு மேல் சிக்கினால் நம் தலையெழுத்து. அந்த வருடம் போன போட்டியிலெல்லாம் கையைத் தூக்கினேன். பள்ளிக்கூடத்தில்கூட நான் அத்தனை முறை கை தூக்கியதில்லை.

ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். எண்ணெய் அதிகம் என்றார் ஒருவர், எண்ணெய் போதாது என்றார் இன்னொருவர். ராகவன் திருஷ்டி என்று சொல்லி எலுமிச்சம்பழமே வாங்கி வந்துவிட்டார். நான் யாரையும் அதைத் தொடவிடவில்லை. அண்ணன் கொடுத்தது, வெளிநாட்டுக்காரர் முத்திரை போட்டது, நம் ஆட்கள் அரம் வைத்துக் கெடுத்துவிட்டால்? சேகருக்கு எழுதிய கடிதங்களில் துப்பாக்கி பிரமாதம் என்றே எழுதினேன். ஒரு கடிதத்தில் அப்படி எழுதிவிட்டால் அடுத்ததிலும் எழுத வேண்டியிருக்கிறது. மூன்று வருடம் எழுதினேன். அந்த எரிச்சலெல்லாம் நோயாளிகள் மேல்தான் விழுந்தது. "டாக்டரம்மா இந்த வாரம் சுட்டுச்சா, சிக்கிச்சா?" என்று விசாரித்துக்கொண்டு நல்ல நாளாகப் பார்த்துப் பல் பிடுங்க வந்தவர்களும் உண்டு.

ஒரு கார்த்திகை மாதம், நான் மூக்கால் அழாத குறையாக உட்கார்ந்திருந்தபோது, தேவசகாயம் பக்கத்தில் வந்து "ஒரே ஒரு தபா உள்ள பாக்கறேன் டாக்டர், தொட மாட்டேன்" என்றார். திறந்து காட்டினேன். டார்ச் அடித்துப் பார்த்தார். ஊசி ஒன்றால் எதையோ நெம்பித் தன் உள்ளங்கையில் போட்டுக் காட்டினார். காய்ந்த சந்தனம், அதன் மேல் ஒரு சிவப்புப் பொட்டு. ஆயுத பூஜைக்குக் குறடு, ட்ரில் எல்லாவற்றோடு துப்பாக்கியையும் வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டிருந்தேன். வருடா வருடம் இட்டிருக்கிறேன். வெளியே துடைப்பேன், உள்ளே இறங்கியது தெரியாது. "சாமிக்கு வெச்சது தப்பில்ல டாக்டர்" என்றார் அவர். "வாய்க்குள்ள வெச்சிட்டீங்க." பல் டாக்டரிடம் சொல்கிற பேச்சா அது. மூன்று வருடத்தில் துப்பாக்கி விஷயமாக அன்றுதான் நான் சிரித்தேன்.

சுத்தம் செய்தபின் இரண்டு ஞாயிறு ஒழுங்காகச் சுட்டது. மூன்றாவது ஞாயிறு மறுபடி கையைத் தூக்கினேன். இதற்கிடையில் சேகரின் கடிதம் வந்திருந்தது. மே மாதம் லீவில் வருகிறானாம். அப்போதுதான் மாநில அணிக்கு மூன்று பெண்களைத் தேர்ந்தெடுக்கும் போட்டி. அதைப் பார்ப்பதற்காகவே தேதி பார்த்து டிக்கெட் போட்டிருக்கிறானாம். முப்பத்தெட்டு வயதில் எனக்கு அதுவே கடைசி வாய்ப்பு. அதில் அவன் கண் முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பதா? என் மூன்று வருடப் பொய்யும் அவன் கொடுத்த பரிசும் ஒன்றாகச் சந்தி சிரிக்கும்.

தேவசகாயத்திடம் போனேன். ராகவன் கிளப் அறையைத் திறந்துவிட்டு எங்களோடு உட்கார்ந்திருந்தார். தேவசகாயம் தொழிற்சாலை லேத்தில் பித்தளையில் மருந்தில்லாத வெற்றுத் தோட்டாக்கள் ஐந்து கடைந்து வந்திருந்தார். "எங்க இடிக்குதுன்னு பாக்கணும். மை மாதிரி எதனா கீதா?" என்று கேட்டார். கண்மை எடுக்கக் கைப்பையைத் திறந்தேன். மேலேயே நீலக் காகிதம் கிடந்தது. பல்லை அடைத்ததும் நோயாளியைக் கடிக்கச் சொல்வோமே, அந்தக் காகிதம். அடைத்தது எங்கே உயரமாக நிற்கிறதோ அங்கே நீலம் ஒட்டும், அந்த இடத்தை மட்டும் தேய்த்து எடுப்போம். வெற்றுத் தோட்டாவில் அதைத் தேய்த்து ஏற்றி இறக்கினோம். தோட்டா உள்ளே நுழையும் வாசலின் கீழ் விளிம்பில் ஒரே ஒரு நீலப் புள்ளி. கடுகில் பாதி இருக்கும். ஐந்து தோட்டாவுக்கும் அதே இடம். தினமும் பத்துப் பேர் வாயில் இதைச் செய்கிறவள் நான். மூன்று வருடமாக எனக்கு இது தோன்றவில்லை.

"பல்லா இருந்தா இன்னா பண்ணுவீங்க டாக்டர்?" என்று கேட்டார்.

"தேய்ச்சு எடுத்துடுவேன்."

"யாரக் கேப்பீங்க?"

"யாரைக் கேக்கணும்? நான்தானே டாக்டர்" என்றேன். "எடுத்துடுங்க அண்ணா. ஆனா எங்க அண்ணனுக்கு மட்டும் இது தெரியவே கூடாது. மூணு வருஷமா பிரமாதம்னே எழுதிட்டிருக்கேன்."

அவர் வெற்றுத் தோட்டாக்களைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு, சம்பந்தமே இல்லாமல், "மெர்சி ஸ்டாம்ப் சேத்துகினு கீது. உங்க அண்ணன் லெட்டர் கவர் ஒண்ணு இருந்தா குடுங்க" என்றார். கொடுத்தேன். சரி, வேலையை எப்போது ஆரம்பிக்கலாம் என்றால், தவக்காலம் வந்துவிட்டது, நாற்பது நாள் விரதம், ஈஸ்டர் கழித்துத்தான் தொடுவேன் என்று ஒரே பிடியாக நின்றார். தொழிற்சாலையில் தவக்காலத்தில் மெஷின் பார்க்கவில்லையா என்று மடக்கினேன். "அது வயித்துக்கு டாக்டர். இது வேற" என்றார். ஆறேழு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். மே மாதம் நெருங்க நெருங்க, இந்த மனுஷனிடம் போய் மாட்டிக்கொண்டோமே என்று ராகவனிடம் புலம்பினேன்.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு வந்தார். முகம் பளிச்சென்று இருந்தது. என் மருத்துவமனையில் பல்லை மெருகேற்றும் சின்ன ரப்பர் சக்கரத்தைத்தான் கேட்டார். தேய்ப்பார், நீலம் வைத்துப் பார்ப்பார், மறுபடி தேய்ப்பார். மொத்தம் பத்து நிமிடம் ஆகியிருக்கும். புள்ளி மறைந்தது. அன்று ஐம்பது குண்டு சுட்டேன். ஒன்றுகூட சிக்கவில்லை. "கிழவர் நல்லாத்தான் செஞ்சிகீறாரு. நம்ம குவாரி தூசிய அவரு பாத்ததில்ல, அவ்ளோதான்" என்று சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டார்.

போட்டியன்று வேப்பமர நிழலில் சேகருக்கு ஒரு மடக்கு நாற்காலி போட்டிருந்தோம். தேவசகாயம் பக்கத்தில் இருந்தார். "இவர் எங்க கிளப்ல சுடறவர்" என்று அறிமுகம் செய்தேன். "அப்படியா, சந்தோஷம்" என்று அண்ணன் கைகொடுத்தான். தேவசகாயம் புது ஆளைப் பார்ப்பதுபோல் கும்பிட்டார். அதன் பிறகு எனக்கு இலக்கைத் தவிர எதுவும் தெரியாது. நிதானமாக முப்பது போயிற்று. வேகமான முப்பதில் ஒவ்வொரு முறை இலக்கு முகம் திருப்பும்போதும் இதோ சிக்கப்போகிறது என்றே நினைத்தேன். சிக்கவில்லை. அறுபது குண்டும் போயின. இடக்கை இடுப்பை விட்டு எழவே இல்லை. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் மூன்றாவதாக வந்து அணியில் சேர்ந்தேன். அண்ணன் என் தலையில் கை வைத்து, "துப்பாக்கி எப்படி?" என்று கேட்டான். "பிரமாதம்" என்றேன். முதல் தடவையாக அது பொய்யில்லை.

அதன் பிறகு பன்னிரண்டு வருடம் அவரோடு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. எத்தனையோ சொல்லலாம், மற்றவர்கள் எழுதுவார்கள். நான் கடைசியாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அடக்கம் முடிந்து வந்த அன்று சாயங்காலம் சேகருக்குப் போன் போட்டேன். தேவசகாயம் என்றால் ஞாபகம் இருக்கிறதா, ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறாய் என்று ஆரம்பித்தேன். "அவர் லெட்டரை நான் இன்னும் வச்சிருக்கேன் வசந்தா" என்றான்.

எந்த லெட்டர் என்றேன். இரு என்று சொல்லிவிட்டுப் போய் எடுத்து வந்து படித்தான். "ஐயா, தாங்கள் தங்கைக்குக் கொடுத்தது மிக நல்ல வேலைப்பாடு. எங்கள் ஊர் தூசிக்கு ஓர் இடத்தில் மட்டும் இறுக்கம். கடுகளவு எடுக்க வேண்டும். டாக்டர் சரி சொல்லிவிட்டார்கள். ஆனால் கொடுத்தவர் தாங்கள். தாங்களும் சரி என்றால்தான் கை வைப்பேன். டாக்டர் தங்களுக்கு மாற்றி எழுதியது தங்கள் மனம் நோகக் கூடாது என்றுதான். தங்களுக்குத் தெரியும் என்று அவர்களிடம் காட்டிக்கொள்ள வேண்டாம்."

தவக்காலம் ஏன் அத்தனை நீளமாக இருந்தது என்று அப்போதுதான் புரிந்தது. கடிதம் போய்ப் பதில் வர வேண்டாமா. ஸ்டாம்ப் ஒட்டிய கவரின் பின்பக்கத்தில் அனுப்புநர் முகவரி இருந்தது. "தாராளமாகச் செய்யுங்கள்" என்று பதில் எழுதினானாம் சேகர். மனுஷன் போகும்வரை இரண்டு பேரும் வாயே திறக்கவில்லை. போட்டியன்று வேப்பமரத்தடியில் என்னதான் பேசிக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டேன். "ஒண்ணும் பேசலை. நீ சுடறப்பெல்லாம் அவர் என் முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு இருந்தார். கடைசி குண்டு போனப்புறம்தான் விட்டார்" என்றான். நானும் அவனும் போனிலேயே சிரித்தோம், அழுதோம்.

மெர்சியிடம் கேட்டு அந்தப் பித்தளைத் தோட்டாக்களில் ஒன்றை வாங்கி வந்திருக்கிறேன். நீலம் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. கருவித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது இன்னொன்றும் உண்டு. யாருடைய பல்லையும் தேய்ப்பதற்கு முன்னால், "இங்கே துளி எடுக்கட்டுமா?" என்று இப்போதெல்லாம் கேட்கிறேன். என் கோபத்தைப் பார்த்துப் பழகிய பழைய நோயாளிகள் திகைத்துப் போகிறார்கள். "நீங்கதானே டாக்டர், என்னைப் போய்க் கேக்கறீங்க?" என்கிறார்கள். அவர்கள் தலையாட்டும்வரை கையைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருக்கிறேன்.