அம்மன் பெட்டியில் இடமில்லை

பரமத்தி வேலூர் வெற்றிலைச் சந்தையில் இந்த ஆவணியில் ஒரு பேச்சு கிளம்பியது. ஆத்துமேட்டு அம்மனுக்கு வந்த கல்யாணப் பத்திரிகைகளைக் கொடிக்கால் வசந்தாமணி அள்ளிக் குப்பையில் கொட்டிவிட்டாளாம். ஏலக்கடையில் பத்துப் பத்திரிகையாக இருந்தது டீக்கடைக்கு வருவதற்குள் நூறாகிவிட்டது. கரூர் பஸ் ஏறும்போது, பத்திரிகையோடு அம்மனையும் சேர்த்தே கொட்டிவிட்டாள் என்று ஆகியிருந்தது.

ஊர்ப்பேச்சை அப்படியே நம்புவது பாவம். விசாரிக்காமல் விடுவது அதைவிடப் பாவம். விசாரித்துக்கொண்டே போனால் வழி குப்பைமேட்டுக்குப் போகவில்லை. பஸ் நிலையத்துக்குப் பின்னால், சத்யபிரியா நடத்தும் ஜெராக்ஸ் கடையில் போய் முடிந்தது. அங்கே ஒரு கம்ப்யூட்டர், ஒரு பெஞ்சு. பெஞ்சுக்கு அடியில், வசந்தாமணி செருப்பைக் கழற்றிவிட்ட இடம்.

முதலில் அம்மனுக்கு மெயில் வந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். கல்யாணம் நிச்சயமானால் முதல் பத்திரிகை குலதெய்வத்துக்கு. அதை அம்மன் காலடியில் வைத்துக் கும்பிட்ட பிறகுதான் மற்றவர்களுக்கு நீட்ட வேண்டும். ஆத்துமேட்டு அம்மனின் பங்காளிகளில் பாதிப் பேர் இப்போது கோயமுத்தூரிலும் பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். ஒரு பத்திரிகைக்காக அவ்வளவு தூரம் வர முடியுமா? கோயில் கமிட்டிக்காரர்கள் கூடிப் பேசி, மெயிலில் அனுப்பினாலும் அம்மன் ஏற்றுக்கொள்வாள் என்று தீர்மானம் போட்டார்கள். மெயில் முகவரி யாரிடம் இருக்கிறது என்று பார்த்தால், அன்றைக்குக் கமிட்டியில் ஒரே ஒருவரிடம்தான் இருந்தது. அவர் சின்னுசாமி, வசந்தாமணியின் புருஷன். போர்வெல் ரிக் முதலாளி சம்பளச் சீட்டு அனுப்புவதற்காகத் திறந்து கொடுத்த முகவரி அது. அன்று முதல் அது அம்மனுக்கும் முகவரியானது.

அதனால் அம்மனுக்குப் பத்திரிகையோடு மற்றவையும் வந்தன. முன் அனுமதி பெற்ற தனிநபர் கடன், முழங்கால் வலிக்குத் தைலம், முடி கொட்டுவதற்கு எண்ணெய், நாமக்கல் பைபாஸில் வீட்டுமனை, இன்றே கடைசி என்று தினமும் முடியும் தள்ளுபடி. அம்மன் எதற்கும் பதில் போட்டதில்லை. சின்னுசாமி ரிக்கோடு ஆப்பிரிக்காவுக்குப் போன பிறகு பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலை வசந்தாமணிக்கு வந்தது. வெள்ளிக்கிழமை தோறும் போனைக் கொண்டுபோய்ச் சன்னதியில் நின்று, புதிதாக வந்த பத்திரிகைகளை ஒவ்வொன்றாகத் திறந்து அம்மன் முகத்துக்கு நேரே காட்டுவாள். மணமகன் பெயர், மணமகள் பெயர், மண்டபத்தின் பெயர் எல்லாம் வாசிப்பாள். பெண்ணும் மாப்பிள்ளையும் வாழைத்தோப்பில் ஓடிப் பிடித்து விளையாடும் வீடியோ இருந்தால் அதையும் கடைசி வரைக்கும் காட்டுவாள். பூசாரி செங்கோடன் அதுவரை கற்பூரத்தை அணையாமல் பார்த்துக்கொள்வார்.

காட்டி முடித்ததை நீக்கியிருக்கலாம். அங்கேதான் வசந்தாமணி வசந்தாமணியாக இருந்தாள். அரை ஏக்கர் கொடிக்காலைக் குத்தகைக்கு எடுத்து, வெற்றிலை கிள்ளி, தரம் பிரித்து, நூறு நூறாகக் கவுளி கட்டுகிறவள். ஓட்டை விழுந்த இலை விரலில் பட்டால் கண்ணால்கூடப் பார்க்காமல் பின்னால் வீசுவாள். அந்தக் கை மெயில் பெட்டிக்குள் ஒன்றைக்கூட வீசவில்லை. ஒவ்வொரு பத்திரிகையின் தலையிலும் அம்மன் படம் இருந்தது. நீக்கு என்று அழுத்தினால் போகிற இடம் எது என்று பக்கத்திலேயே படம் போட்டுக் காட்டினார்கள்: ஒரு குப்பைத்தொட்டி. மஞ்சள் தடவிய காகிதத்தையே ஆற்றில் விடுகிற குடும்பம். அம்மனைத் தொட்டியில் போட எவளுக்குக் கை வரும்?

பெட்டி நிறைந்துகொண்டே போனது. அது நிறைந்ததால் யாருக்கும் எதுவும் ஆகிவிடவில்லை, சின்னுசாமிக்கு ஆகும் வரைக்கும்.

போன இடத்தில் ரிக் முதலாளிக்கும் அந்த ஊர்க் கூட்டாளிக்கும் சண்டை. கூட்டாளி ரிக்கைப் பூட்டினான், ஆட்களின் பாஸ்போர்ட்டையும் சேர்த்துப் பூட்டினான். தகரக் கொட்டகையில் சின்னுசாமியும் இன்னும் சிலரும் மக்காச்சோளக் கஞ்சியைக் குடித்துக்கொண்டு கிடந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும், வாரச்சந்தைக்குப் போகும் ஓர் ஆளின் போனை இரவல் வாங்கிச் சின்னுசாமி வீட்டுக்குப் பேசுவார். அவருக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. எடப்பாடியில் தறிக்காரர் வீட்டுக்குக் கட்டிக்கொடுத்த மகள் கனிஷ்கா பிள்ளை உண்டாகியிருந்ததால் அவளிடம் இதைச் சொல்லவில்லை. யார் கேட்டாலும் வசந்தாமணி, "நல்லா இருக்கறாருங்க, லீவுதான் குடுக்க மாட்டீங்கறாங்க" என்பாள். சொல்லிவிட்டு வெற்றிலைக் கொடிகளுக்கு நடுவே போய், ஆள் தெரியாத இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொள்வாள்.

ஒருவழியாக அங்கிருக்கும் நம் தூதரகத்தில் ஓர் அதிகாரி இவர்களைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தார். மனைவி கையெழுத்துப் போட்ட படிவம் ஒன்று வேண்டும். அதைச் சின்னுசாமியின் மெயிலுக்கு அனுப்புவோம், அதே மெயிலிலிருந்து திருப்பி அனுப்ப வேண்டும் என்றார். வந்துவிட்டால் விமானத்தில் இடம்.

வசந்தாமணி அன்றைக்கே சத்யபிரியா கடைக்கு ஓடினாள். கடன்காரர்களுக்கும் தைலக்காரர்களுக்கும் நடுவே அந்த மெயில் வந்து முங்கிப்போனால் என்ன செய்வது? சத்யபிரியா கெட்டிக்காரி. விளம்பரங்களை முடிந்த மட்டும் நிறுத்தினாள், நாலைந்து தப்பி வரத்தான் செய்யும் என்றாள். தூதரகத்திலிருந்து வந்தால் மஞ்சள் நட்சத்திரத்தோடு முதல் வரியில் நிற்கும்படி ஏற்பாடு செய்தாள். அம்மனின் பத்திரிகைகளை என்ன செய்வது என்று கேட்டதற்கு வசந்தாமணி கையெடுத்துக் கும்பிட்டதைப் பார்த்து, எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் ஆர்க்கைவ் என்ற கண்ணுக்குத் தெரியாத பரணில் ஏற்றிவிட்டாள். பெட்டி வழித்துவிட்ட சட்டிபோல் பளிச்சென்று இருந்தது. அப்படி ஒரு வெறுமையை வசந்தாமணி கடவுள் அருளாக நினைத்தாள். திரையின் தலைமாட்டில் சிவப்பு எழுத்தில் ஏதோ ஒரு வரி மட்டும் போகாமல் நின்றது. அதுவும் எதையோ விற்க வந்ததாக இருக்கும் என்று இருவரும் விட்டுவிட்டார்கள்.

பிறகு காத்திருந்தாள். மடை திருப்பும்போதும் கவுளி கட்டும்போதும் போனை இடுப்பிலிருந்து எடுத்து, திரையை விரலால் கீழே இழுத்துப் பார்ப்பாள். ஒன்றும் வராது. மறுபடி இழுப்பாள். முன்பெல்லாம் நாளுக்கு நூறு வந்து விழுந்த பெட்டியில் ஒரு தைலக்காரன்கூட எட்டிப் பார்க்கவில்லை. அதற்கே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. சின்னுசாமியின் குரல் கிணற்றுக்கு அடியிலிருந்து வருவதுபோல் இருந்தது. அதிகாரி இரண்டு தடவை அனுப்பினாராம், இரண்டு தடவையும் பெட்டி நிறைந்திருக்கிறது என்று திரும்பி வந்துவிட்டதாம்.

"ஏனுங்க, பெட்டி காலியாக் கெடக்குதுங்க. என்ற ரெண்டு கண்ணுல பாத்துட்டு இருக்கறனுங்க."

"வெள்ளிக்கெழமைக்குள்ள வல்லீன்னா என்ற பேரை எடுத்துருவாங்களாமா, வசந்தா. மத்தவங்களுது எல்லாம் போயிருச்சு. நா மட்டுந்தான்."

அதற்குமேல் இரவல் போனில் காசு இல்லை.

சத்யபிரியா அந்தச் சிவப்பு வரியை அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படித்தாள். முகம் செத்துவிட்டது. பரணில் ஏற்றியதால் பாரம் குறையவில்லை, கண்ணுக்குத்தான் தெரியவில்லை. உள்ளே இடமே இல்லை. ஒன்று வரவும் முடியாது, ஒன்று போகவும் முடியாது. அவள் தன் சொந்த மெயிலிலிருந்து தூதரகத்துக்கு எழுதிப் பார்த்தாள். பதிவு செய்த முகவரியிலிருந்து மட்டும் எழுதவும் என்று இயந்திரம் பதில் போட்டது. எது கனமோ அதை மேலே வரவழைத்துப் பார்த்தாள். வந்தது முழுவதும் அம்மன். அம்மன் முகத்தில் ஆரம்பித்து வாழைத்தோப்பில் முடியும் வீடியோக்கள். பென் டிரைவில் ஏற்றிவைத்துக்கொள்ளலாம் என்று ஆரம்பித்தாள். சாக்கடைக்குத் தோண்டியவர்கள் கேபிளை வெட்டிவிட்டிருந்தார்கள்; செல்போன் நெட்டில் ஒரு வீடியோ இறங்கவே பொழுது பாதி போனது. இந்த வேகத்தில் போனால் தீபாவளிக்கு முடியும்.

"நீக்கித்தான் ஆகோணுமுங்க்கா."

வசந்தாமணி கோயிலுக்குப் போனாள். கேட்காமல் செய்யக்கூடாது அல்லவா. பூசாரி செங்கோடன் வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம் கட்டி அம்மன் மடியில் போட்டார். வெள்ளை வந்தால் சம்மதம். கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

சிவப்பு.

"வேண்டாங்கறா, அம்முணி. வெள்ளிக்கெழம வா, மறுக்காக் கேக்கலாம்."

வசந்தாமணி நகரவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பூசாரி இருக்கிறார் என்பதும் மறந்துவிட்டதுபோல அம்மனைப் பார்த்துப் பேசினாள். கத்தவில்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவதுபோலத்தான் பேசினாள்.

"உனக்கு வார பத்திரிகைய எல்லாம் நாந்தானே படிச்சுக் காட்டுனேன். கால் நோவுதுன்னு ஒரு வெள்ளிக்கெழம நின்னனா? எனக்கு வாரது ஒரே ஒரு கடுதாசி, சாமி. அதுக்கு உன்ற பெட்டியில எடமில்லீங்கறயே. நீ தனியா நிக்கறவ. உனக்கென்ன தெரியும்."

பூசாரி விபூதித் தட்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

கடைக்குத் திரும்பி வந்து, வசந்தாமணி செருப்பைக் கழற்றிப் பெஞ்சுக்கு அடியில் விட்டாள். சத்யபிரியா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். தான் கை வைக்க மாட்டேன், தனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று தெளிவாகச் சொன்னாள். எந்த இடத்தில் அழுத்த வேண்டும் என்பதை மட்டும் தள்ளி நின்று காட்டினாள். வசந்தாமணி ஒவ்வொன்றாக அழுத்தினாள். ஒவ்வொரு அழுத்துக்கும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆதார் நகல் எடுக்க வந்த வெற்றிலை வியாபாரி ஒருவர் இதை முழுதும் பார்த்தார். சந்தைப் பேச்சுக்கு ஊற்று அவர்தான். அவர் சொன்னது பொய்யில்லை. அம்மனையும் கொட்டினாள் என்பதுகூட ஒரு கணக்கில் மெய்தான்.

எல்லாவற்றிலும் கனமானது பட்டியலின் உச்சியில் இருந்தது. பங்காளி வீட்டுக்காரி, ஓரம்படியாள் முறையுள்ள அத்தாயியின் மகன் கௌதமன் பெங்களூரிலிருந்து அனுப்பிய பத்திரிகை. காவிரிக்கு மேலே ட்ரோன் பறக்கவிட்டு எடுத்த வீடியோ. அது அம்மனுக்கு இன்னும் காட்டாதது. வெள்ளிக்கிழமைக்கென்று வைத்திருந்தபோதே பரணில் ஏறிவிட்டது; இப்போது காட்டலாமென்றால் இந்த நெட்டில் இறங்கவே இரண்டு நாள் ஆகும். வசந்தாமணியின் விரல் அதன்மேல் நின்றது. மற்றதை எல்லாம் நீக்கியும் போதவில்லை. இது ஒன்று போனால் போதும் என்றாள் சத்யபிரியா. போட்டாள்.

அதோடும் முடியவில்லை. தொட்டியில் கிடந்தாலும் பாரம் பாரம்தானாம், தொட்டியையும் காலி செய்ய வேண்டுமாம். நிரந்தரமாக நீக்கவா என்று கேட்டது. இந்த மிஷினுக்குக் கேட்காமல் இருக்கத் தெரியவில்லை. அம்மனாவது ஒரே தடவையில் சொல்லிவிட்டாள்.

அதையும் அழுத்தினாள்; இடம் கிடைத்ததும், படிவத்தை மறுபடி அனுப்பச் சொல்லி அதே மெயிலிலிருந்து சத்யபிரியா தூதரகத்துக்கு எழுதினாள். மறுநாள் பெட்டிக்குள் தைலக்காரன் வந்தான். வசந்தாமணிக்கு அவனைக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. தூதரகம் வரவில்லை. இரவெல்லாம் தலைமாட்டில் போன். வியாழக்கிழமை கொடிக்காலுக்கே போகாமல் கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இலை முற்றிக்கொண்டிருந்தது, முற்றட்டும். சத்யபிரியா கொடுத்த டீ ஆடை கட்டிக் கிடந்தது. தெருவில் வாழைத்தார் லாரி ஒன்று பின்னால் வந்துகொண்டே கூவியது. அந்தச் சத்தத்துக்குள் திரையில் மஞ்சளாக ஒரு புள்ளி வந்ததைச் சத்யபிரியாதான் பார்த்தாள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டும் வசந்தாமணி எழுந்திருக்கவில்லை. கால் மரத்துப்போயிருந்தது.

கையெழுத்துப் போட்டாள். ஒன்றுக்கு மூன்றாகப் போட்டாள், எதற்கும் இருக்கட்டும் என்று. சத்யபிரியா ஸ்கேன் எடுத்து அனுப்பினாள். அனுப்பப்பட்டது என்று வந்தது. அதையும் ஒரு பிரிண்ட் எடுத்துத் தரச்சொல்லி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

சின்னுசாமி வந்துவிட்டார். பேன்ட் நிற்காத இடுப்போடு, கோயமுத்தூர் விமான நிலையத்திலிருந்து பஸ் மாறி மாறி வேலூரில் வந்து இறங்கினார். வாய் நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, மெயில் ஏன் அப்படித் திரும்பித் திரும்பி வந்தது என்பதுதான்.

"நம்ம பங்காளிகளுக்குக் கல்யாணம் சாஸ்திங்க," என்றாள் வசந்தாமணி.

கௌதமன் கல்யாணமும் நடந்துவிட்டது. பந்தியில் இலைக்கு எதிரே வந்து நின்று, சந்தைப் பேச்சு தன் காதுக்கும் வந்ததை அத்தாயி சிரித்துக்கொண்டே சொன்னாள். பிறகு சிரிக்காமல் கேட்டாள்.

"என்ற பையன் பத்திரிகைய அம்மன் பாத்தாளா, இல்லியா? அத மட்டும் சொல்லு."

"காட்டிப்போடறனுங்க்கா."

சொல்லிவிட்டாளே தவிர, காட்டுவதற்குப் பத்திரிகை இல்லை. கௌதமனிடம் கேட்டால், தன் பெட்டியும் நிறைந்து அந்த வீடியோவை நீக்கிவிட்டானாம், எடுத்தவனைக் கேட்க வேண்டும் என்கிறான். அச்சடித்த பத்திரிகையைக் காட்டிவிடலாமே என்றால், அது இரண்டாவது பத்திரிகை, அம்மனுக்கு முதல் பத்திரிகைதான் என்கிறாள் அத்தாயி. பூசாரி யார் பக்கமும் பேசுவதில்லை. சத்யபிரியா பெட்டிக்குள் தனியாக ஓர் அறை தடுத்து, அதற்கு ‘அம்மனுக்குக் காட்ட வேண்டியது’ என்று பெயர் போட்டுக் கொடுத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை தோறும் வசந்தாமணி சன்னதியில் நின்று அதைத் திறக்கிறாள். புதிதாக வந்ததைக் காட்டி, வாசித்து முடித்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு நீக்கிவிடுகிறாள். கௌதமனுடையது இன்னும் வரவில்லை.