படிக்கல்லில் ரெண்டு கை

என் வூட்டுக்காரரு போன வருசம் போலந்துக்கு வேலைக்குப் போனாரு. சின்ன ஊரு, கறி பேக்கிங் பண்ற கம்பெனி. வயசான அம்மா ஒருத்தங்க வூட்டுல பின்பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருக்காரு. பாப்பிரெட்டிப்பட்டி கடைவீதிலேருந்து நான் வந்து அடுப்பு பத்த வைக்கிற நேரத்துக்கு வீடியோ கால் வரும்.

ஒரு நாளு அந்த வூட்டு வாசப்படியில உக்காந்து பேசிட்டிருந்தவரு போனைக் கீழ போட்டுட்டாரு. எடுக்கறப்ப படிக்கல்லு தெரிஞ்சுது. அதுல ரெண்டு கை செதுக்கியிருந்துச்சு, விரலை விரிச்சாப்புல. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. எங்க பக்கம் கல்லுல கை இருந்தா அது வீரமாத்தி, புருசன் செத்தப்ப கூடவே தீயில விழுந்தவ. மஞ்சப் பூசிக் கும்பிடுவோம். "அட பாவி மனுசா, சாமி மேல உக்காந்திருக்கீங்க, எந்திரிங்க!"ன்னு கத்தினேன்.

அவரு சிரிச்சாரு. நான் விடுவேனா? நச்சரிச்சு நச்சரிச்சு, பையில போட்டு அனுப்பின மஞ்சளையும் குங்குமத்தையும் வெள்ளிக்கிழமை வைக்க வெச்சேன்.

அதைப் பாத்துட்டு அந்த வயசான வூட்டு ஓனரம்மா ஆடித் தீத்துடுச்சாம். ரூமைக் காலி பண்ணுன்னு ஒரே பிடி. "உன் பேச்சைக் கேட்டேன் பாரு, நடுத்தெருவுல நிக்கப் போறேன்"ன்னு இவரு என்னைத் திட்டினாரு. அங்க பனி கொட்டுற மாசம். எனக்கு அழுகையே வந்துடுச்சு.

அப்புறம் அந்தம்மாவோட பொண்ணு வந்து இங்கிலீஸ்ல விவரம் சொல்லியிருக்கு. அது சாமி இல்ல, யூதங்களோட சமாதிக்கல்லு. பூசாரி வம்சத்து ஆளுங்கன்னா கை செதுக்குவாங்களாம். ஒரு காலத்துல அந்த ஊரு சந்தையைச் சுத்தி துணிக்கடை, ரொட்டிக்கடை எல்லாம் அவங்களோடதுதான். ரெண்டாம் உலகச் சண்டையில ஜெர்மன்காரன் வந்து அத்தனை பேரையும் கூட்ஸ் வண்டியில அடைச்சுக் கொண்டுபோயி கொன்னுட்டான். பொம்மிடி ஸ்டேசன்ல நிக்குமே, அந்த மாதிரி வண்டி. சுடுகாட்டுக் கல்லைப் பேத்து ரோட்டுக்குப் போட்டாங்க, மிச்சத்தை ஊருக்காரங்க வூட்டுப் படிக்கும் நடைக்கும் எடுத்துக்கிட்டாங்க. அந்த வூடே ஒரு யூதக் குடும்பத்தோடதுதான். அவங்க வாரிசுங்க யாரோ இவரை விட்டு மஞ்சளும் குங்குமமுமா அடையாளம் வெக்கச் சொல்லியிருக்காங்க, வூட்டைப் புடுங்கப் போறாங்கன்னு அந்தம்மாவுக்குப் பயம்.

"ரூம் போனாப் போவுது, செத்தவங்க கல்லை இனிமே மிதிக்காதீங்க"ன்னு நான் கறாரா சொல்லிட்டேன். பொண்ணுதான் பேசி அம்மாவைச் சம்மதிக்க வெச்சுது. கல்லை யூதங்க சுடுகாட்டுலயே கொண்டுபோயி வெச்சுடுறது, இவரு ரூம்லயே இருந்துக்கலாம்.

ஞாயித்துக்கிழமை கடப்பாறை போட்டுப் பேத்தாங்க. நான் போன்லயே பாத்துட்டிருந்தேன். பக்கத்துக் கல்லும் ஆடுச்சு. அதைப் புரட்டினா அடிப்பக்கம் யூதங்களோட எழுத்து. அதுக்கு அடுத்ததுலயும் எழுத்து. வாசல்லேருந்து கேட்டு வரைக்கும் நடக்கற வழி பூராவும் அப்படித்தான். அந்தம்மா ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டிருந்துச்சு.

"இப்ப எது மேலங்க நிக்கிறீங்க?"ன்னு கேட்டேன். அவரு ஓரமா பனி மூடின மண்ணுல இறங்கி நின்னாரு.