கேட்டு வாங்காத கொடி

எங்கள் வீட்டு மணி பிளான்ட் திருட்டுச் சொத்து. எனக்குக் கடைவாய்ப் பல் பிடுங்குவதற்காகப் பெரம்பலூரில் ஒரு பல் டாக்டரிடம் போயிருந்தோம். நான் உள்ளே வாயைத் திறந்துகொண்டு கிடந்த நேரத்தில், வெளியே காத்திருந்த என் மனைவி ஜன்னலோரக் கொடியில் ஒரு துண்டைக் கிள்ளி, நனைத்த கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அரியலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எனக்குக் காட்டினாள். பஞ்சு அடைத்த வாயோடு சரியாகத் திட்டக்கூட முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும், "கேட்டிருந்தா குடுத்திருப்பாங்கல்ல?" என்றேன்.

"கேட்டு வாங்குனா இது தங்காதுங்க. திருடித்தான் வைக்கணும். ஊருக்கே தெரியும், உங்களுக்குத்தான் தெரியல."

கடைக்காரர் சில்லறையைக் கூடுதலாகக் கொடுத்துவிட்டால் வெயிலில் திரும்ப நடந்துபோய்க் கொடுத்துவிட்டு வருகிறவள் அவள். இந்த ஒரு செடி விஷயத்தில் மட்டும் அவளுக்கு வேறு நியாயம்.

ஜாம் பாட்டிலில் வேர் விட்டுத் தொட்டிக்குப் போன கொடி, அவள் கட்டிய சணல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஹாலை ஒரு சுற்றுச் சுற்றி, ஜன்னல் கம்பி வழியாக வாசலுக்கும் எட்டிப் பார்த்தது. எங்கள் தெருவில் பகலெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும். எந்த இலையைத் தொட்டாலும் கையில் வெள்ளை ஒட்டும். தினமும் காலையில் இலைக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்து, ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைப்பாள். எனக்குக் காபி அதற்குப் பிறகுதான்.

வாசல் பக்கம் நீண்ட கொடி சில நாள் நுனி இல்லாமல் இருக்கும். "எவளோ கிள்ளிட்டுப் போயிட்டா" என்று சொல்லி, பெண்ணைக் கட்டிக்கொடுத்தவள் போல மகிழ்ந்துபோவாள். ஒரு நாள் மறைந்திருந்து பிடிக்கிறேன் என்றதற்குக் கோபமே வந்துவிட்டது. "பாத்தாலும் பாக்காத மாதிரி உள்ள போயிடணும். அப்பதான் அவுங்க வூட்லயும் தங்கும்."

போன மழைக்காலத்தில் அவள் இறந்துபோனாள். இலைகளைத் துடைத்துவிட்டு, நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நான் திரும்பி வந்தபோது அந்தத் துணி நாற்காலிக் கையில் இன்னும் ஈரமாக இருந்தது.

அதற்குப் பிறகு நான் இலைகளை இரண்டு சாதியாகப் பிரித்தேன். அவள் பார்த்த இலைகள், அவள் பார்க்காத இலைகள். நுனியில் புதிதாகச் சுருள் விரித்த இலையைக் கண்டாலே எரிச்சலாக வந்தது. யாரைக் கேட்டு முளைக்கிறாய் என்று வாய்விட்டே கேட்டிருக்கிறேன். அவள் துடைத்த இலைகள்மேல் என் கை படக்கூடாது என்று துணியை எடுக்கவில்லை. புழுதி படிந்து படிந்து ஹால் முழுக்க வெளுத்தது.

ஒரு காலையில் அந்த நாற்காலிக்கு மேலிருந்த இலை ஒன்று மட்டும் பளிச்சென்று இருந்தது. மற்றதெல்லாம் வெள்ளை, இது பச்சை. ஃபேன் காற்றில் திரைச்சீலை உரசியிருக்கும். அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் "வந்துட்டியா?" என்றேன். அன்று முழுவதும் அந்த நாற்காலிப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார எனக்குத் துணிச்சல் வரவில்லை. பயம் என்று சொன்னால் பயம்தான். போய்விடக் கூடாதே என்ற பயம்.

பிறகு அடி இலைகள் மஞ்சளாகத் தொடங்கின. தண்ணீர் ஊற்றினேன். இன்னும் மஞ்சளாயின, இன்னும் ஊற்றினேன். தொட்டியில் நாற்றம் கிளம்பிய பிறகுதான் கொடியை மெல்ல இழுத்துப் பார்த்தேன். வேர் கூழாகிக் கையோடு வந்துவிட்டது. நுனிகளை வெட்டிப் பாட்டில் தண்ணீரில் போட்டேன், அவையும் கறுத்தன. அந்தப் பளிச்சென்ற இலை நாற்காலியில் விழுந்து கிடந்ததைப் பார்த்து உட்கார்ந்து அழுதேன். அவள் கை வைத்ததில் உயிரோடு மிச்சமிருந்தது அந்தக் கொடி ஒன்றுதான். அதையும் நான் மூழ்கடித்துவிட்டேன்.

எதிர்வீட்டு மாடிப்படிக் கம்பியில் ஒரு கொடி சுற்றியிருப்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. அதே மஞ்சள் தெறிப்பு, அதே இலை. எதிர்வீட்டுக்காரிதான் எங்கள் ஜன்னலில் கிள்ளியிருக்கிறாள். சட்டையை மாட்டிக்கொண்டு போனேன். அவள் படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், நான் பார்த்த இடத்தையும் பார்த்தாள்.

"தங்கச்சி, அந்தக் கொடியில..." என்று தொடங்கினேன்.

"அண்ணே, வாயத் தொறக்காதீங்க." முறத்தைக் கீழே வைத்து அவசரமாக எழுந்தாள். "காபி போடலாம்னா பால் இல்ல. கடைக்குப் போயிட்டு வரேன். கொஞ்சம் நேரமாவும், வூட்டப் பாத்துக்கங்க."

திரும்பிப் பார்க்காமல் போனாள். திறந்திருந்த கதவு வழியாக, அடுப்பு மேடையில் பிரிக்காத பால் பாக்கெட் தெரிந்தது.

கணுவுக்குக் கீழே நகத்தால் கிள்ளினேன். சுற்றுவதற்கு ஒன்றுமில்லை. கைக்குட்டையை என் மனைவி இருந்தவரை அவள்தான் எடுத்துக் கொடுப்பாள். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தெருவைக் கடந்தேன். கிள்ளிய இடத்திலிருந்து கசிந்த ஈரம் நெஞ்சில் பட்டது.

கதவைச் சாத்திவிட்டு, நாற்காலியைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னேன்.

"கேக்கலடி. திருடிக்கிட்டுத்தான் வந்தேன்."