செருப்போடு காத்திருந்த டப்பா

காலை பதினொன்றரை மணி, ஒரு டப்பா, தனலட்சுமி. எங்கள் தொழிலில் ஒரு மனிதர் முதலில் இப்படித்தான் அறிமுகமாகிறார். முகம் பிறகுதான் வரும். ஊரார் சிறுநீரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு தயிர்சாதம் சாப்பிடும் லேப் டெக்னீஷியன்களே, இது உங்களுக்குப் புதிய கதை அல்ல.

வால்

தனலட்சுமிக்கு ஏழாம் மாதம். பொதட்டூர்பேட்டையில் வீட்டிலேயே தறி. கணவர் முனுசாமி லுங்கி நெய்கிறார். குளிர் காய்ச்சல், இடுப்பு வலி. சிறுநீரில் என்ன கிருமி வளர்கிறது என்று பார்க்கச் சொல்லி டாக்டரம்மா போன் செய்திருந்தார். போன பிரசவத்திலும் இதே காய்ச்சல்தான். குழந்தை இறந்தே பிறந்தது. இந்த முறை விடக்கூடாது என்றார்.

ஒரு துளியை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். பாக்டீரியாவின் வால், அதாவது கசையிழை, எங்கள் மைக்ராஸ்கோப்பில் தெரியாது. ஆனால் வாலைச் சுழற்றி அது ஓடுகிற ஓட்டம் தெரியும். குச்சிக் கிருமிகள் தாறுமாறாக ஓடிக்கொண்டிருந்தன. நடுநடுவே உருண்டைக் கிருமிகள் கொத்துக் கொத்தாக நின்றன. ஒரே நோயாளியிடம் இப்படிக் கலந்த கூட்டம் வழக்கமாக இருக்காது. சிறுநீரை எப்போது பிடித்தது என்று கேட்டேன். விடியற்காலையில், வீட்டில். பிறகு பைக்கில் வந்து, நேராக மலைக்குப் போய், வரிசையில் நின்று, கும்பிட்டுவிட்டு இறங்கியிருக்கிறார்கள். திருத்தணியில் வந்து இறங்குகிற யாரும் மலையை விட்டுவிட்டு முதலில் எங்களிடம் வருவதில்லை. வைகாசி வெயிலில் ஒரு கிருமி இரண்டாக அரை மணி நேரம்கூட ஆகாது. டப்பாவையும் மலைக்கு எடுத்துப் போனீர்களா என்றேன்.

முனுசாமிக்குக் கோபம் வந்துவிட்டது. "கோயிலுக்குள்ள எடுத்துகினு போவோமா சார்? செருப்பு விடற எடத்துல பத்ரமா வெச்சிட்டுதான் போனோம்."

சுவர்

சாயம் ஏற்றிப் பார்த்தேன். எல்லாக் கிருமிக்கும் முதலில் ஊதா ஏறும். பிறகு ஸ்பிரிட் ஊற்றிக் கழுவ வேண்டும். சுவர் தடித்த கிருமி ஊதாவை விடாது. சுவர் மெலிந்து, அதன்மேல் இன்னொரு சவ்வும் போர்த்திய கிருமி ஊதாவை விட்டுவிடும். அடுத்து ஊற்றும் சிவப்பில் இளஞ்சிவப்பாகும். தனலட்சுமியின் சாம்பிள் தடவிய கண்ணாடித் துண்டில் இரண்டு நிறமும் இருந்தன. அவருடைய சிறுநீரகத்தில் குடியிருப்பது எது, செருப்பு ஸ்டாண்டில் பெருகியது எது என்று என்னால் பிரிக்க முடியவில்லை. இது செல்லாது, நாளைக் காலை மறுபடி இங்கேயே வந்து கொடுங்கள் என்றேன். எதற்கென்று முனுசாமி கேட்டதால் நிறத்தைக் காட்டினேன். இளஞ்சிவப்பின் மேல்தான் எனக்குச் சந்தேகம் என்றும் சொன்னேன்.

அவர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "சாயம் போற சரக்குதான் சார் கடைசி வரைக்கும் நம்ம தலையிலயே நிக்கும்."

பிடி

மறுநாள் கிருத்திகை. மலைப்பாதையில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. தனலட்சுமி காய்ச்சலோடு வந்து, ரிசப்ஷனில் ரேவதியின் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாம்பிள் எடுத்த கையோடு ஆஸ்பத்திரியில் சேர்த்து ஊசி போடுவதாக ஏற்பாடு.

முனுசாமி வாசலைத் தாண்டவில்லை. "கிருத்திகையும் அதுவுமா, சாமியப் பாக்காம மொதல்ல இந்த வேலையா? ஒரு எட்டு போயிட்டு வந்துர்றோம் சார்."

அன்றைய கூட்டத்துக்கு ஒரு எட்டு என்றால் சாயங்காலம் ஆகிவிடும். இந்தக் கிருமிக்கு உடம்பெல்லாம் மெல்லிய இழைகள் உண்டு என்று சொன்னேன். அவற்றால் சிறுநீர்ப் பாதையின் உள்சுவரைப் பற்றிக்கொண்டு மேலே, சிறுநீரகத்துக்கு ஏறும். எத்தனை சொம்பு தண்ணீர் குடித்தாலும் பிடியை விடாது. முனுசாமி மலையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். ரேவதி டப்பாவை நீட்டியபடியே இருந்தாள். தனலட்சுமி அதை வாங்கிக்கொண்டார்.

"போன வாட்டி சாமியத்தான் மொதல்ல பாத்தேன். இந்த வாட்டி அவரு காத்துகினு இருக்கட்டும்."

வளையம்

இந்த முறை ஒரே நிறம், ஒரே இனம்: இளஞ்சிவப்புக் குச்சி. அதைத் தட்டில் பரப்பி, மேலே மருந்து வில்லைகளை வைத்தோம். மருந்துக்கு அடங்கினால் வில்லையைச் சுற்றிக் கிருமி செத்து, வெறும் வட்டம் விழும். மறுநாள் பார்த்தால், ஒரு வில்லையைச் சுற்றி வட்டமே விழவில்லை. கிருமி அதன் விளிம்பை ஒட்டி வளர்ந்திருந்தது. ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன் தனலட்சுமி விழுங்கிக்கொண்டிருந்த மாத்திரை அதே மருந்துதான். மெடிக்கலில் சொல்லி வாங்கியது. பாக்டீரியாவுக்குள் முதன்மை மரபிழை தவிர, பிளாஸ்மிட் என்று தனியே சிறு வளையங்கள் இருப்பதுண்டு. மருந்தை முறிக்கும் வித்தை பெரும்பாலும் அதில்தான் இருக்கும். ஒரு கிருமி இன்னொன்றுக்கு அதைக் கொடுத்துவிடவும் செய்யும்.

ரிப்போர்ட் அடிக்கும் முன்பே டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். போட்டுக்கொண்டிருந்த ஊசியும் அதே வகை மருந்துதான்; அன்று மாலையே அதை மாற்றினார்கள். ரிப்போர்ட் வாங்க முனுசாமி மட்டும் வந்தார். அந்த மாத்திரைக்குக் கிருமி அடங்கவில்லை என்று சொன்னேன். காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"மாத்திர போதும்னு சொன்னது நான்தான் சார். அவ மொத நாளே ஆஸ்பத்திரிக்குப் போலாம்னா."

இப்போது எங்கள் லேப் வாசலில் 'மலைக்குப் போகும் முன் டப்பாவைக் கொடுக்கவும்' என்று போர்டு தொங்குகிறது. எல்லோரும் சாமி கும்பிட்டுவிட்டு வந்துதான் அதைப் படிக்கிறார்கள்.

ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் தனலட்சுமிக்குப் பெண் குழந்தை பிறந்தது; பிறந்தவுடன் அழுதது.