குதித்து முடித்த அரை மணி நேரம்

என் தம்பிக்குக் காலில் சக்கரம், தலைக்குள் சந்தை. நாங்கள் வேலை பார்க்கும் பட்டறையில் அவனுக்குப் பெயரே 'பம்பரம்'. பம்பரமாவது ஒரே இடத்தில் நின்று சுற்றும், உனக்கு அதுவும் வரவில்லையேடா என்று நான் திட்டாத நாள் கிடையாது.

பட்டறை என்றால் பொய்ப்பல் செய்யும் இடம். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் பசை மாதிரி ஒன்றை அப்பி அச்சு எடுத்து அனுப்புவார்கள். வந்த கையோடு அதில் பிளாஸ்டர் ஊற்றிவிட வேண்டும். விட்டால் அச்சு காய்ந்து சுருங்கிவிடும். அப்புறம் அதை வைத்துச் செய்த பல் யார் வாயிலும் உட்காராது. ஊற்றுவது தம்பி, பல்லைத் தேய்த்துப் பளபளப்பாக்குவது நான். கை என்னவோ அவனுக்குத் தங்கக் கை. ஆனால் பிளாஸ்டரைக் கலக்கிக்கொண்டே, வெளியே எவனோ ஹாரன் அடிக்கிறானே ஏன் என்று பார்க்கப் போவான். திரும்பி வருவதற்குள் கிண்ணத்தில் பிளாஸ்டர் கல்லாகி, கரண்டி அதில் நட்டுக்கொண்டு நிற்கும். அதைத் தட்டி உடைத்து எடுப்பதும் என் தலையெழுத்துதான்.

இதற்கு முன்னால் அவன் எந்த வேலையிலும் நிலைத்ததில்லை. போன பருவத்தில் ஒருநாள் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வர மறந்துவிட்டான். குழந்தை இருட்டும் வரை கேட்டருகே காவலாளியோடு நின்றிருக்கிறது. அன்றைக்குத்தான் அவன் மனைவி பிள்ளையோடு அம்மா வீட்டுக்குப் போனாள். போகும்போது கத்தவில்லை, அழவில்லை. என்னிடம், "இந்த வேலையாவது பள்ளிக்கூடம் திறக்கிற வரைக்கும் நிக்கட்டும் அண்ணி. நின்னா வரேன். இல்லன்னா என்னை எதிர்பார்க்காதீங்க" என்றாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதலாளியும் தன் பங்குக்கு, இன்னும் ஒரு அச்சு வீணானால் நீ வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியிருந்தார்.

காதைப் பிடித்து இழுக்காத குறையாக அவனை டாக்டரிடம் கூட்டிப் போனேன். அந்தம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, இது திமிரும் இல்லை, சோம்பலும் இல்லை, ஏ.டி.எச்.டி. என்கிற கவனச்சிதறல் கோளாறு என்றார். சின்ன வயதிலிருந்தே இருந்திருக்கும் என்றும் சொன்னார். ஐயோ, நான் கொடுத்த குட்டெல்லாம் தப்பே செய்யாதவன் தலையிலா விழுந்தது! கொடுத்த மாத்திரை இவனுக்கு நெஞ்சைப் படபடக்க வைத்தது. அதை நிறுத்திவிட்டு, இதயத்தைப் பரிசோதித்த பிறகு வேறு பார்க்கலாம் என்றார். அதுவரை நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம், தினமும் உடற்பயிற்சி. இதெல்லாம் துணைதான், இதுவே மருந்து என்று நினைத்துவிடாதீர்கள் என்றும் சொன்னார்.

நான் அப்படித்தான் நினைத்தேன். முழுகுகிறவளுக்குத் துரும்பு கிடைத்தால் விடுவாளா? காலையில் வெறும் டீயோடு ஓடுகிறவனை உட்கார வைத்து முட்டை ஊட்டாத குறை. பிஸ்கட் டப்பாவில் வேர்க்கடலை. பிறகு எங்கள் குடியிருப்பின் மாடிப்படிகளில் இரண்டு பேரும் மேலும் கீழும் ஏறி இறங்குவோம். லிஃப்ட் ரிப்பேரா என்று கேட்காத ஆள் இல்லை. ஆமாம், இவன் தலைக்குள் இருக்கிற லிஃப்ட் ரிப்பேர் என்பேன்.

காலை நன்றாகப் போகும், மதியம் பழையபடி பறக்க ஆரம்பிப்பான். அதனால் மதியம் பட்டறை மொட்டை மாடியில் கயிறு தாண்டச் சொன்னேன். சில நாள் அதுவும் எடுபடாது. எடுபட்ட நாளில் அரை மணி நேரம் ஆள் அப்படியே உட்காருவான். ஒருநாள் தெருவில் தீயணைப்பு வண்டி அலறிக்கொண்டு போனது, அவன் தலையைத் தூக்கவில்லை. "அக்கா, உள்ள யாரோ ரேடியோவ அணைச்ச மாதிரி இருக்கு" என்றான். நான் கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

வெண்ணெய் திரண்டு வரும்போதுதானே தாழி உடையும். பள்ளி திறக்க ஒரு வாரம் இருக்கும்போது ஒரு அச்சு வந்தது. விபத்தில் தாடை உடைந்த ஒரு பெண்ணுடையது. வாய் சரியாகத் திறக்காது, மயக்கம் கொடுத்து எடுத்திருக்கிறார்கள். முதலாளி தம்பி கையில் கொடுத்து, இது இரண்டாம் தடவை கிடைக்காது என்றார். சரி சரி என்றான். இவ்வளவு முக்கியமான வேலையைத் தெளிந்த தலையோடு செய்ய வேண்டும் என்று நினைத்திருக்கிறான் பாவி. அச்சை ஈரத்துணியில் சுற்றி வைத்துவிட்டு, குதித்துவிட்டு வந்து ஊற்றலாம் என்று கயிறோடு மாடிக்குப் போய்விட்டான். குதித்தும் இருக்கிறான். இறங்கும்போது தண்ணீர்த் தொட்டிக் குழாய் ஒழுகுவது கண்ணில் பட்டிருக்கிறது. அந்தத் தெளிந்த தலை மொத்தமும் குழாய்க்குள் போய்விட்டது. நான் தேய்க்கும் எந்திரத்தின் இரைச்சலில் இருந்ததால் எதையும் கவனிக்கவில்லை. அவன் சொட்டச் சொட்ட நனைந்து, குழாய் சரியாயிடுச்சு என்று சிரித்துக்கொண்டே வந்தபோது மேசையில் துணி காய்ந்து கிடந்தது. உள்ளே அச்சு சுருங்கி விளிம்பு கிழிந்திருந்தது.

முதலாளி கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "உன் மேல கோபம் இல்லப்பா. மறுபடி வாயத் திறங்கன்னு அந்தப் பொண்ணுகிட்ட நான் எப்படிச் சொல்லுவேன்? நாளையிலிருந்து வராத" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் கயிற்றைப் பிடுங்கிக் குப்பைத் தொட்டியில் எறிந்தேன். முட்டையும் கடலையும் தின்று குதித்தால் குடும்பம் ஒன்று சேர்ந்துவிடும் என்று நம்பிய என்னைத்தான் முதலில் செருப்பால் அடிக்க வேண்டும் என்று கத்தினேன். அவன் சுவரைப் பார்த்தபடி படுத்துவிட்டான்.

காலையில் படுக்கை காலி. பதறிக்கொண்டு குடியிருப்பின் மொட்டை மாடிக்கு ஓடினேன். குப்பையிலிருந்து எடுத்த கயிற்றைக் கழுவி, குதித்துக்கொண்டிருந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"இனிமே எதுக்குடா இது? யாருக்காக?"

அவன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, "அவளுக்கு நானே போன் பண்ணிச் சொல்லணும் அக்கா. சும்மா பண்ணா, அவ பேசுறதுக்குள்ள நான் பத்து சாக்கு சொல்லிடுவேன். இப்பன்னா கொஞ்ச நேரம் என்னால கேக்க முடியும்" என்றான்.

மனைவியின் எண்ணை அழுத்தினான். வேலை போயிடுச்சு, தப்பு என்னுதுதான் என்றான். அந்தப் பக்கம் அவள் பேச ஆரம்பித்தாள். என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. வெகுநேரம் பேசினாள், நடுவில் அழுதாள் போலிருக்கிறது. கீழே தெருவில் எவனோ விடாமல் ஹாரன் அடித்தான். தம்பி திரும்பிப் பார்க்கவில்லை. அவள் பேசி முடிக்கும் வரை ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை.