காலேஜ் பார்க்கத் துணைக்குப் போனேன்

எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை முதன்முதலில் மிதித்தது அக்கா. இரண்டாவது ஆள் நான். எனக்கு அப்போது எட்டு வயது.

அக்கா பியுசி, அதாவது பன்னிரண்டாவது, முடித்திருந்தாள். எந்தக் காலேஜுக்கு அப்ளிகேஷன் போடுவது என்று பார்த்து வர வேண்டும். அப்பா கம்பெனி வேன் ஓட்டினார், அம்மா ஆஸ்பத்திரியில் ஆயா. இரண்டு பேருக்கும் லீவு கிடைக்காது. வயசுப் பெண்ணைத் தனியாக அனுப்பவும் மனசு வராது. அதனால் காவலுக்கு என்னை அனுப்பினார்கள். அடேயப்பா, என்ன காவல்! தெருநாய் குரைத்தால் அக்காவின் துப்பட்டாவுக்குள் ஒளிந்துகொள்ளும் காவல். சாயங்காலம் விசாரணையும் என்னிடம்தான் நடக்கும். அக்கா தன் ஆசைக்குத் தகுந்தபடி சொல்லுவாள், சின்னது உள்ளதைச் சொல்லிவிடும் என்று அப்பாவுக்கு நம்பிக்கை. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதலில் போனது ஆஸ்டின் டவுன் பக்கம் ஒரு பெண்கள் காலேஜ். எங்கள் வீடு இருந்த நீலசந்திராவிலிருந்து நடந்தே போய்விடலாம். ஆபீஸில் மீன்தொட்டி இருந்தது. அங்கிருந்த மேடம் எனக்குச் சாக்லெட் கொடுத்தார். அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தபடி எல்லாவற்றுக்கும் "ம்" போட்டாள். நான் வீட்டில் அந்தக் காலேஜை ஆகா ஓகோ என்று புகழ்ந்தேன்.

"கூப்பிடு தூரத்துல இருக்குது, இத்த வுட்டுட்டு வேற எங்க போறது?" என்றார் அப்பா.

அக்காவின் மனசு வேறு ஒரு காலேஜில் இருந்தது. இரண்டு பஸ் மாற வேண்டும், பையன்களும் படிக்கிற இடம். "சும்மா பாத்துட்டாச்சும் வரேன் பா" என்று கெஞ்சிக் கெஞ்சித்தான் அனுமதி வாங்கினாள்.

அங்கே வாட்ச்மேன் தடுத்தார். "காலேஜ் நோடக்கே பந்திதீவி அண்ணா" என்று அக்கா கன்னடத்தில் சொன்னதும், பார்க்கத்தானே, பாருங்கள் என்று உள்ளே விட்டுவிட்டார். நடந்து நடந்து எனக்குக் கால் கடுத்துப்போனது. மீன்தொட்டியும் கிடையாது, சாக்லெட்டும் கிடையாது. ஒரு லேப் ஜன்னல் பக்கம் அக்கா நின்றுவிட்டாள். உள்ளிருந்த டீச்சர் வந்து பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டார். அவ்வளவுதான், என் கையை உதறிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மார்க்கெட் நெரிசலில்கூட என் கையை விடாதவள் அவள். வராந்தாவில் பெரிய பெரிய பையன்களுக்கு நடுவே நின்று "அக்கா, அக்கா" என்று கத்தினேன். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தவள் திரும்பவே இல்லை. எனக்கு அழுகையும் கோபமும் பொங்கிக்கொண்டு வந்தன. இருடி, ராத்திரி அப்பாகிட்ட வச்சுக்கிறேன் என்று கறுவிக்கொண்டேன்.

அப்பா சாப்பிட உட்கார்ந்ததும் போட்டுக் கொடுத்தேன். "அந்தக் காலேஜு வேணாம்பா. அக்கா என்னத் தனியா வுட்டுட்டுப் போயிட்டா. எத்தினி வாட்டி கூப்ட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல!"

அக்காவுக்கு முகம் செத்துப்போனது.

"எங்கடி போன?" என்றாள் அம்மா.

"லேபுக்கு. வெங்காயத் தோலு காட்டினாங்க."

"வெங்காயத் தோலுக்கா ரெண்டு பஸ்ஸு? நான் தெனம் உரிச்சிப் போடறேனே!"

"அது வேறம்மா" என்று ஆரம்பித்தாள் அக்கா. செங்கல் அடுக்கின மாதிரி கட்டம் கட்டமாக இருந்ததாம், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு புள்ளியாம். கை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். வீட்டில் அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. அப்பாவுக்குத் தட்டில் சோறு காய்ந்தது.

"இவ கூப்ட்டது நெஜமாவே காதுல வுழலியா?" என்றார்.

"இல்லப்பா. சாரிப்பா."

அப்பா கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். பிறகு, "நாளைக்கு அங்கியே போயி அப்ளிகேஷன் வாங்கிடும்மா" என்றார்.

எனக்குப் பரம திருப்தி. என்னைத் தவிக்க விட்டவள் தினமும் இரண்டு பஸ் மாறி லோல்படட்டும், நன்றாக வேண்டும்! அப்பா என்றால் அப்பாதான், சரியான தண்டனை கொடுத்திருக்கிறார். ஆனால் தண்டனை வாங்கியவள் ஏன் சிரித்துக்கொண்டே அழுகிறாள், என்னை ஏன் தூக்கி அப்படி முத்தம் கொடுக்கிறாள் என்பதுதான் எனக்குப் புரியவே இல்லை.