லோயர் மேல் ஒரு முறைப்பாடு

லோயர் மேல் முறைப்பாடு எழுதுவது என் வேலை என்றால் பதுளையில் பாதிப் பேர் சிரிக்கிறார்கள். மீதிப் பேர் குரலைத் தாழ்த்தி, "எனக்கும் ஒண்ணு எழுதணுமே" என்கிறார்கள். கோர்ட்டு வாசலில் கால்கடுக்க நின்ற உங்களுக்கு இரண்டுமே புரியும். விசாரிப்பது கொழும்பில் ஒரு சுயாதீனக் குழு. எழுதி அனுப்புவதும், விசாரணையில் மொழிபெயர்ப்பதும் நான்.

கையெழுத்து

தெமோதரை மாரிமுத்துவின் காணிப் பத்திரத்தை வாங்கிய லோயர் இரண்டு வருஷமாகத் திருப்பித் தரவில்லை. முறைப்பாட்டோடு சத்தியக்கடதாசி வேண்டும். அதில் இன்னொரு லோயரோ, சத்தியம் வாங்க அரசு நியமித்த ஊர்ப் பெரியவரான சமாதான நீதவானோ கையெழுத்திட வேண்டும். முதலில் போன லோயருக்குத் திடீரென்று தலைவலி வந்தது. இரண்டாமவர் முறைப்பாட்டில் இருந்த லோயரின் பெயரைப் பார்த்ததும் பேனாவை மூடிவிட்டார்.

கடைசியில் பசறையில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒரு சமாதான நீதவானிடம் போனோம். அந்த ஹாஜியார் முழுவதையும் வாசித்து, மாரிமுத்துவைச் சத்தியம் செய்யச் சொல்லி, முத்திரை குத்தினார். நான் நன்றி சொன்னதும் சிரித்தார்.

"எனக்குப் பயமில்லண்டு நெனைக்காதீங்க தம்பி. என்ட கட வழக்கையும் இதே லோயர்தான் பேசுறார்."

கடிதம்

லுணுகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கந்தையா என்றொரு பெரியவர். வழக்குத் தவணைத் தேதியை லோயர் தனக்குச் சொல்வதே இல்லை என்பது அவர் முறைப்பாடு. குழுவின் பதில் சிங்களத்தில் வந்தது. என்னிடம் கொண்டு வரச் சொல்லியிருந்தேன். ஆனால் பஸ்ஸைத் தவறவிட்டவர், தனக்குத் தெரிந்த சிங்களம் வாசிக்கிற ஒரே ஆளிடம் போய்விட்டார். அந்த லோயரிடமே!

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "சரியா வாசிச்சாரா?" என்றேன்.

"ஒரு வரி விடலைங்க. அவரு பேரு வந்த எடத்துல மட்டும் கொஞ்சம் தண்ணி குடிச்சாரு."

மண்சரிவு

செல்வராணி கொழுந்து பறிப்பவள். புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். அவர்கள் குடியிருந்த லயத்து அறையைக் காலி செய்யச் சொல்லித் தோட்ட நிர்வாகம் வழக்குப் போட்டது. தவணையன்று அவள் லோயர் வரவில்லை. மறுபக்கத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்பாகிவிட்டது.

விசாரணையில் லோயர், பசறை ரோட்டில் மண் சரிந்து பஸ் ஓடவில்லை என்றார். குழுத் தலைவி செல்வராணியைப் பார்த்தார். அவள் எழுந்து, "அன்னைக்கு நானும் அதே ரோட்டுலதாங்க கோர்ட்டுக்கு வந்தேன். மண்ணு மேல ஏறி நடந்து வந்தேன்," என்றாள். அதை மொழிபெயர்த்தேன். லோயர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, ஒரு தகவலாவது அனுப்பியிருக்க வேண்டும், தப்புத்தான் என்று அவரே ஒப்புக்கொண்டார்.

அவருக்குக் கண்டிப்பு எழுதினார்கள். அந்த முடிவைக் காட்டி வேறொரு லோயர் வழக்கைத் திரும்ப எடுக்கவைத்தார். அறை அவளுக்கே கிடைத்தது. புது லோயர் எப்படி, கெட்டிக்காரரா என்று கேட்டேன்.

"அதெல்லாம் எனக்கு என்னங்க தெரியும்? எனக்கு முந்தி வந்து நிக்கிறாரு."

இத்தனை முறைப்பாடு எழுதியதில் நான் கண்டது, லோயரைத் தண்டிக்க வந்தவர்களைவிட, தங்களுக்காக வந்து நிற்கிற ஒரு லோயரைத் தேடி வந்தவர்கள்தான் அதிகம்.